சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் படிக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ப்ளஸ் டூ எழுதி முடித்திருக்கிறேன். இளநிலையிலேயே சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் படிக்க ஆசை. அப்பா மெக்கானிக்கல் எடு என்கிறார். சித்தப்பாவோ, “அது எல்லாத்தையும் கொஞ்சம் தொட்டுட்டு, எதுலயும் ஆழம் இல்லாத படிப்பு” என்கிறார். அதில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்? இங்கேயே படிக்க முடியுமா? கல்லூரி திறப்பதற்குள் நானாக ஏதாவது தொடங்கலாமா?

கா., திருநெல்வேலி

அன்புள்ள கா.,

முதலில் பெயர்க் குழப்பம். நம்மூரில் சிஸ்டம் என்றால் கம்ப்யூட்டர். மென்பொருள் நிறுவனங்கள் புதிதாகச் சேருபவர்களுக்குக் கொடுக்கும் ‘சிஸ்டம்ஸ் இன்ஜினியர்’ பதவிக்கும் நீங்கள் கேட்கும் படிப்புக்கும் பெரிதாகச் சம்பந்தம் கிடையாது.

என்ன சொல்லித்தருகிறார்கள் என்பதை அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியை வைத்தே காட்டிவிடலாம். 16 வீடுகள், மொட்டைமாடியில் 5,000 லிட்டர் தொட்டி, கீழே சம்ப், நிமிடத்துக்கு 100 லிட்டர் ஏற்றும் மோட்டார். தண்ணீர் 25 சதவீதத்துக்கு இறங்கினால் மோட்டார் ஓட வேண்டும், 90 சதவீதத்தில் நிற்க வேண்டும். சென்சார், மோட்டார், கன்ட்ரோலர் எல்லாவற்றையும் தனித்தனியே சோதித்தாயிற்று, எல்லாமே பாஸ். ஆனால் காலை ஆறரைக்கு வீட்டுக்கு 8 லிட்டர் வீதம் இழுத்தால் நிமிடத்துக்கு 128 லிட்டர் போகிறது, ஏறுவது 100 தான். மோட்டார் ஆன் ஆகும்போது மிச்சமிருக்கும் 1,250 லிட்டர், நிமிடத்துக்கு 28 லிட்டராகக் குறைந்து, முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நெரிசலோ ஒன்றரை மணி நேரம்.

பெரிய மோட்டார் வாங்கு என்பார்கள். கணக்குப் போடுங்கள்: ஒன்றரை மணி நேரத்துக்குப் பற்றாக்குறை 28 × 90 = 2,520 லிட்டர். ஆன் ஆகும் அளவை 55 சதவீதத்துக்கு உயர்த்தினால் கையிருப்பு 2,750 லிட்டர் ஆகிவிடுகிறது, பைசா செலவில்லை. ஆனால் அந்த 90 நிமிடமும் மோட்டார் நிற்காமல் ஓடும். அதற்கு சம்ப்பில் 9,000 லிட்டர் வேண்டும். சம்ப்பே 6,000 லிட்டர்தான் என்றால் பிரச்சினை மாடியிலிருந்து கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஓரிடத்தில் அழுத்தினால் எங்கே வீங்குகிறது என்று எண்களோடு துரத்திக்கொண்டு போவதுதான் இந்தப் படிப்பில் முக்கால் பங்கு.

அடுத்தது கோளாறு. எலி வயரைக் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாடித் தொட்டி சென்சாரின் வயர் அறுந்ததை கன்ட்ரோலர் ‘காலி’ என்று எடுத்துக்கொண்டால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் தெருவில் போகும். ‘நிறைந்துவிட்டது’ என்று எடுத்துக்கொண்டால் மோட்டார் நிற்கும், யாராவது ஏறிப் பார்ப்பார்கள். சம்ப் சென்சாருக்கு இது தலைகீழ்: அறுந்தால் ‘காலி’ என்றுதான் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடி சீல் கருகும். ஆக, கடையில் ஒரே மாதிரி வாங்கிய இரண்டு சென்சார்களை இரண்டு விதமாக வயரிங் செய்ய வேண்டியிருக்கிறது. எந்த உறுப்பு எப்படிப் பழுதாகும், அதனால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் விடாமல் எழுதும் அட்டவணைக்கு எஃப்எம்இஏ (FMEA) என்று பெயர். அலுப்பான வேலை. அலுப்புத் தாங்காதவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

உறுப்புகள் சரியாக இருந்தும் அவை சேரும் இடத்தில் தவறுவதற்கு ஒரு உதாரணம்: 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை எட்டிய நேரத்தில் தொலைந்துபோனது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது, வாங்கிய மென்பொருள் அதை நியூட்டன் அலகாக எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. இரு பக்கமும் கூட்டல் கழித்தலில் தவறில்லை. நியூட்டன்-விநாடிதான் என்று ஆவணத்தில் எழுதியும் இருந்தது; இரண்டையும் இணைத்து, கடைசிவரை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கவில்லை.

உங்கள் சித்தப்பா சொல்வதில் பாதி உண்மை. இந்தப் படிப்பின் ஆழம் கணிதத்தில் இருக்கிறது: நிகழ்தகவு, புள்ளியியல், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (இருப்பதை வைத்துச் சிறந்த முடிவைக் கணக்கிடுவது), கன்ட்ரோல், சிமுலேஷன். கல்லூரியின் பாடத்திட்டத்தைத் திறந்து நிகழ்தகவு எந்த செமஸ்டரில் வருகிறது, அதன்மேல் பிறகு எத்தனை பாடங்கள் கட்டப்படுகின்றன என்று மட்டும் பாருங்கள். 99 சதவீதம் நம்பகமான பத்து உறுப்புகளைச் சங்கிலியாகக் கோத்தால் மொத்தம் 90.4 சதவீதம்தான் என்பது முதல் வாரப் பாடம். அங்கிருந்து மேலே போகிறதா என்பதுதான் கேள்வி. நான்கு வருடமும் மெக்கானிக்கல் ஓர் அறிமுகம், எலக்ட்ரிக்கல் ஓர் அறிமுகம், மேலாண்மை ஓர் அறிமுகம் என்றே ஓடினால் சித்தப்பா ஜெயித்துவிட்டார்.

இங்கே இளநிலை இடங்கள் குறைவு. ஐஐடி கரக்பூரில் இண்டஸ்ட்ரியல் அண்ட் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் பி.டெக். இருக்கிறது. ஐஐடி பம்பாயில் சிஸ்டம்ஸ் அண்ட் கன்ட்ரோல் மேற்படிப்புக்கானது. வெளிநாடு என்றால் கனடாவின் வாட்டர்லூவில் சிஸ்டம்ஸ் டிசைன் இன்ஜினியரிங். படிப்பும் வேலையும் நான்கு நான்கு மாதமாக மாறி மாறி வரும். இவை எட்டாவிட்டால் உங்கள் அப்பா சொல்வதைத்தான் நானும் சொல்வேன், கூடவே ஈஇஇ, ஈசிஇ இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். கணிதத்தைக் கைவிடாமல் ஒரு துறையை முழுசாகப் படியுங்கள். சிஸ்டம்ஸ் முதுநிலையில் வரட்டும். இப்போதே சான்றிதழ் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தத் துறையின் சர்வதேச அமைப்பான இன்கோஸியின் சிஎஸ்இபி சான்றிதழுக்கு ஐந்து வருட அனுபவம் வேண்டும்.

இந்த விடுமுறைக்கு: நாசாவின் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் கையேடு இணையத்தில் இலவசம், இடைமுகங்கள், அதாவது உறுப்புகள் ஒன்றோடொன்று சேரும் இடங்கள், பற்றிய பகுதியை மட்டும் படியுங்கள். பிறகு உங்கள் வீட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு, எதிலிருந்து எதற்கு என்ன போகிறது, எந்த அலகில், எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, வராவிட்டால் என்ன ஆகும் என்று அட்டவணை போடுங்கள். பத்து வரிக்குள் உங்களுக்குப் பதில் தெரியாத ஒரு கட்டம் வரும். பிளம்பரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு விதமான பதில் வந்தால் இரண்டையும் எழுதி எனக்கு அனுப்புங்கள்.