மத்தியானத்துக்கு மேல் பிரேக்கை விடாத டோசர்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன ஹைட்ரோஸ்டேடிக் (பம்பும் மோட்டாரும் தள்ளும் ஆயிலால் ஓடும்) டோசரை வைத்து நிலம் சமன்படுத்தும் வேலை செய்கிறேன். 24 வோல்ட் வண்டி. காலையில் நன்றாக ஓடுகிறது. ஆயில் சூடானபின் லீவரைத் தள்ளினால் எஞ்சின் முக்குகிறது. வண்டி நகர்வதில்லை, நகர்ந்தாலும் இழுத்து இழுத்துப் போகிறது. பார்க்கிங் பிரேக் விளக்கு அணைந்துதான் இருக்கிறது. ஃபைனல் டிரைவைப் (செயினைச் சுற்றவைக்கும் கடைசி கியர் பெட்டியை) பிரித்து பிரேக் பிளேட் மாற்றவேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பிளேட் தேய்ந்தால் பிரேக் பிடிக்காது. உங்கள் வண்டியில் பிரேக் விடவில்லை. இரண்டும் வேறு வேறு குறை. கருகி ஒட்டிக்கொண்ட பிளேட் விடாதுதான், ஆனால் அது காலையிலும் விடாது.

பழைய கிளட்ச் டோசரில் பெடலை மிதித்து லாக் போட்டால்தான் பிரேக். இதில் தலைகீழ். கெட்டியான ஸ்பிரிங் எப்போதும் பிளேட்டுகளை அமுக்கிக்கொண்டே இருக்கும். சார்ஜ் பம்பிலிருந்து (குறைந்த பிரஷரில் ஆயில் ஊட்டும் சின்ன பம்ப்) வரும் ஆயில் பிஸ்டனைத் தள்ளி அந்த ஸ்பிரிங்கை அடக்கினால்தான் பிரேக் விடும். ஆயிலுக்கு வழி திறப்பது ஒரு சோலனாய்டு வால்வு (காயில் என்ற கம்பிச் சுருளில் கரண்ட் பாய்ந்தால், உள்ளே இருக்கும் ஸ்பூல் என்ற தண்டு இழுபட்டு வழி திறக்கும்). கரண்ட் போனாலும் பிரஷர் குறைந்தாலும் சீல் ஒழுகினாலும் பிரேக் தானாக விழுந்துவிடும். பல வண்டிகளில் விளக்கு அணைவதற்கு ‘பிரேக்கை விடு’ என்ற கட்டளை போய்விட்டது என்றுதான் அர்த்தம். பிரேக் விட்டதா என்பது அதற்குத் தெரியாது.

முதலில் கவனிக்க வேண்டியது, இரண்டு செயினும் இறுகுகிறதா, ஒன்று மட்டுமா என்பது. பெரும்பாலும் ஒரே வால்வுதான் இரண்டு பக்கத்துக்கும் ஆயில் கொடுக்கும். இரண்டும் இறுகினால் குறை பெரும்பாலும் வால்விலோ அதற்கு முன்னாலோ இருக்கும்; ஒரு பக்கத்து சீல் அதிகமாக ஒழுகினாலும் இரண்டும் இறுகலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து ஹோஸையோ பிஸ்டன் சீலையோ சந்தேகப்படுங்கள்.

அடுத்து கேஜ். சார்ஜ் பிரஷர் டெஸ்ட் போர்ட்டில் ஒன்று, பிரேக் லைனில் டீ போட்டு இன்னொன்று. சமதரையில் நிறுத்தி, முன்னால் மண் தள்ளும் பிளேடைத் தரையில் அழுத்தி, செயினுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சில மாடல்களில் லீவர் நியூட்ரலை விட்டு அசைந்தால்தான் பிரேக்குக்கு ஆயில் போகும், அப்போது வண்டியும் நகரப் பார்க்கும். அதனால் நீளமான டெஸ்ட் ஹோஸ் போட்டு கேஜைக் கேபினுக்குள் கொண்டுவந்து பாருங்கள். செயின் பக்கம் ஆள் நிற்கக் கூடாது. இந்த ரக வண்டிகளில் சார்ஜ் பிரஷர் பெரும்பாலும் 20 முதல் 30 பாருக்குள் இருக்கும். சரியான அளவு உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். காலையில் ஒருமுறை, குறை வந்தபின் ஒருமுறை எழுதி வையுங்கள்.

சூட்டில் சார்ஜ் சரியாக இருந்து பிரேக் லைன் மட்டும் இறங்கினால் வால்வும் காயிலும்தான் முதல் சந்தேகம். செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் சூட்டில் ஏறும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். 20 வாட் காயில் 24 வோல்ட்டில் சுமார் 29 ஓம் காட்ட வேண்டும். அது சூடாகும்போது, கனெக்டரில் பச்சை படிந்து வோல்ட்டும் குறைந்தால், காயிலால் ஸ்பூலை முழுதாக இழுக்க முடியாது. கனெக்டரைக் கழற்றி வோல்ட் பார்த்தால் 24 காட்டி ஏமாற்றும். மாட்டியபடியே, லோடில் பாருங்கள். காயில் நன்றாக இருந்தால் ஸ்பூலில் தூசி சிக்கியிருக்கலாம்.

இரண்டு கேஜும் சேர்ந்து இறங்கினால் (நீங்கள் சொல்வதைப் பார்த்தால் என் ஊகம் இதுதான்) சூட்டில் இளகிய ஆயில் எங்கோ ஒழுகி ஓடுகிறது. எஞ்சினை நிறுத்தி, ஒரு பக்கத்துப் பிரேக் ஹோஸைக் கழற்றி பிளக் அடித்துவிட்டு மறுபடி பாருங்கள். அந்தப் பக்கம் பிரேக் விழுந்தே இருக்கும், ஓட்டிப் பார்க்காதீர்கள். பிரஷர் எழுந்தால் அந்தப் பக்கத்துப் பிஸ்டன் சீல் போயிருக்கிறது. பிரேக் ஃபைனல் டிரைவுக்குள்ளேயே இருக்கும் மாடலானால் லெவல் பிளக்கைத் திறந்ததும் ஹைட்ராலிக் ஆயில் கலந்து வழியும். இப்போது பிரிக்கலாம். எந்தப் பக்கமும் எழவில்லை என்றால் சார்ஜ் பம்ப், ரிலீஃப் வால்வு, டிரைவ் பம்ப், மோட்டாரின் உள்ளொழுக்கு என்று தேடல் வேறு பக்கம் போகும்.

அதுவரை ஆக்ஸிலரேட்டரை ஏற்றி வம்படியாக ஓட்டாதீர்கள். பாதி விட்ட பிரேக்கில் பிளேட் கருகி, மெக்கானிக் சொன்னது நிஜமாகிவிடும். ஆபரேட்டர் சீட்டில் இருந்தால்தான் வண்டியை நகரவிடும் சீட் சுவிட்சை ஒயர் போட்டு ஷார்ட் செய்யும் பழக்கமும் உண்டு; ஆபரேட்டர் இறங்கியபின் லீவரில் சட்டை மாட்டினால் டோசர் அவர் மேலேயே வரும்.

வயலில் நின்றுபோனால் அப்படியே இழுக்கக் கூடாது. மேனுவல் சொல்லும் முறையில் பிரேக்கை விடுவித்து, பம்பின் பைபாஸை (ஆயில் பம்பைச் சுற்றிப் போக விடும் வழியை) திறந்த பிறகே கட்டி இழுக்க வேண்டும். அந்த நிலையில் வண்டிக்கு எந்தப் பிரேக்கும் கிடையாது. சரிவாக இருந்தால் பின்னாலும் ஒரு வண்டியைக் கட்டிக்கொள்ளுங்கள்.