மால்டா விசாவில் இத்தாலி சுற்றலாமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "செப்டம்பர் கடைசியில் நான், மனைவி, ஐந்து வயது மகன், 68 வயது அம்மா நாலு பேரும் எட்டு நாள் பயணமாக மால்டா போக ஆசைப்படுகிறோம். யாருமே இதுவரை ஐரோப்பா போனதில்லை. ஏஜென்ட் ஒருவர், 'மால்டா சின்னத் தீவு, ரெண்டு நாள் போதும். விசா மட்டும் அங்கே சுலபமாக வாங்கிக்கொண்டு மீதி நாளை இத்தாலியில் கழிக்கலாம். ஆளுக்கு 25,000 கூடுதலாகக் கொடுத்தால் விசா உறுதி' என்கிறார். மச்சினனையும் கூட்டி வந்தால் அங்கேயே ஹோட்டலில் வேலைக்குச் சேர்த்துவிடலாமாம். நம்பலாமா? அம்மா சுத்த சைவம்."

இன்னும் பணம் எதுவும் கைமாறவில்லை என்றால் அந்த ஏஜென்டிடம் இனி கொடுக்கவே வேண்டாம். அவர் சொன்னதில் தீவு சின்னது என்பது ஒன்றுதான் முழு உண்மை.

மால்டா 2007 முதல் ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. அதன் விசாவில் இத்தாலிக்கும் போகலாம், அதில் தவறில்லை. ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். மால்டாவில் இரண்டு இரவு, இத்தாலியில் ஐந்து இரவு என்றால் அது இத்தாலிக்கான விண்ணப்பம். இதை மால்டா விண்ணப்பமாகக் காட்ட ஏஜென்ட் என்ன செய்வார்? ஏழு இரவும் மால்டாவில் தங்குவதுபோல ஹோட்டல் பதிவு போட்டு, விசா வந்த மறுநாளே ரத்து செய்துவிடுவார். விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது, அவருடையது அல்ல. விமான நிலையத்தில் அதிகாரி தங்குமிடச் சீட்டைக் கேட்டால் பதில் சொல்லவேண்டியவரும் நீங்கள்தான். பொய்யான ஆவணத்தில் வாங்கிய விசாவை அங்கேயே செல்லாததாக்கலாம். அந்தப் பதிவு ஷெங்கன் நாடுகளின் பொதுக் கணினியில் ஐந்து ஆண்டு வரை இருக்கும். அடுத்த முறை பிரான்ஸுக்கு விண்ணப்பித்தாலும் அது முன்னால் வந்து நிற்கும்.

இரண்டு நாட்டிலும் சமமான நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம் கேட்க வேண்டும். இந்த ஒரு விதியைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தியாவிலிருந்து மால்டாவுக்கு நேரடி விமானம் கிடையாது. சென்னையிலிருந்து பிராங்பர்ட் போய் அங்கே மாறி மால்டா போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குடிவரவுச் சோதனை பிராங்பர்ட்டிலேயே முடிந்துவிடும். மால்டாவில் உள்நாட்டு விமானத்தில் வந்ததுபோல வெளியே வந்துவிடுவீர்கள். "அப்படியானால் முதலில் நுழைவது ஜெர்மனிதானே, அங்கே அல்லவா விண்ணப்பிக்க வேண்டும்?" என்று கேட்பார்கள். இல்லை. விமானம் மாறுவது தங்கலாகாது. உங்களுக்குத் தங்கல் முழுக்க மால்டாவில்தான், ஆகவே மால்டாவிடம்தான் கேட்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால்தான் 'முதல் நுழைவு' என்ற கேள்வியே எழும். அப்போதும் தங்கும் இரண்டு நாடுகளில் எது முதல் என்றுதான் பார்க்க வேண்டும், எங்கே விமானம் மாறினோம் என்று அல்ல. பிராங்பர்ட் அதிகாரி "எங்கே போகிறீர்கள்?" என்றால் மால்டா ஹோட்டல் சீட்டையும் திரும்பும் டிக்கெட்டையும் காட்டுங்கள், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

டிக்கெட் எடுக்கும்போது இரண்டு விஷயம். லண்டன் வழி மாறும் டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஷெங்கன் விசா அங்கே செல்லாது, தனி டிரான்சிட் விசா கேட்பார்கள். ஐரோப்பிய நகரத்தில் மாறுவதாக இருந்தால் நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். 2025 அக்டோபரிலிருந்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில் புகைப்படமும் கைரேகையும் எடுக்கும் முறை வந்திருக்கிறது, முதல்முறை போகிறவர்களுக்கு நேரம் பிடிக்கும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை.

அடுத்து, 'உறுதி' என்று விற்கும் அந்த 25,000. பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. ஆறு வயது ஆகாத உங்கள் மகனுக்குக் கட்டணமே இல்லை. அவனுக்கும் சேர்த்துப் பணம் கேட்டிருந்தால் அதிலிருந்தே ஆளைப் புரிந்துகொள்ளலாம். விண்ணப்ப மையம் தன் சேவைக் கட்டணத்தைத் தனியாக வாங்கும். அங்கேயே வசதி அறை, குறுஞ்செய்தி, கூரியர் என்று ஒவ்வொன்றாக நீட்டுவார்கள். கூரியர் தவிர எதுவும் தேவைப்படாது, எதுவும் முடிவை மாற்றாது. மையத்தில் இருப்பவர்கள் காகிதம் வாங்கி அனுப்புகிறவர்கள்தான். முடிவு தூதரகத்தில் இருக்கும் அதிகாரி கையில். அவரைத் தெரியும் என்று திருச்சியிலோ சென்னையிலோ எவர் சொன்னாலும் அது பொய்.

இதில் எனக்குக் கோபமே வருகிறது. ஒரு குடும்பம் வருமான வரிக் கணக்கு, வங்கி அறிக்கை, விடுப்புக் கடிதம் எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்து வைத்துக்கொண்டு, நேரம் பதிவு செய்ய நள்ளிரவில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டுமா? பதிவு கிடைக்காத அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். இந்த முறையை நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமலில்லை. அவ்வப்போது கட்டணத்தையும் காகிதத்தையும் கூட்டத் தெரிந்தவர்கள் நேரம் கிடைக்க ஒரு வழி செய்யவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது முன்கூட்டியே தொடங்குவதுதான். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம். வழக்கமாகப் பதினைந்து நாளில் முடிவு வரும், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். செப்டம்பர் கடைசிக்கு ஜூனிலேயே கொடுத்துவிடுங்கள். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் அதை மறைக்காமல் எழுதி, முன்பே உள்ள நோய்க்கும் அவசரச் செலவு தரும் பாலிசியாகப் பார்த்து எடுங்கள். விசாவுக்கு மலிவான பாலிசியே போதும். ஆஸ்பத்திரியில் அது கைகொடுக்காது.

விசா ஒட்டி வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். அதில் இரண்டு கணக்கு இருக்கும்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது ஒன்று, எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. பயணம் தள்ளிப்போனால் உதவும் என்று தேதியில் பதினைந்து நாள் சேர்த்துக் கொடுப்பார்கள். தேதி 23 நாள் வருகிறதே என்று பத்து நாள் தங்கிவிடாதீர்கள். தங்கும் நாள் 08 என்று அச்சிட்டிருந்தால், இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்து எட்டே நாள்தான்.

மச்சினன் விஷயம். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது சட்டவிரோதம். மால்டாவில் வேலைக்கு முதலாளியே முன்வந்து, வேலையும் தங்கலும் சேர்ந்த அனுமதி வாங்க வேண்டும். 'போய் இறங்குங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்கிறவர்கள் இறங்கிய பிறகு போனை எடுக்க மாட்டார்கள். நம் நாட்டில் வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர் வெளியுறவு அமைச்சகத்திடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும்; பெயர் இ-மைகிரேட் தளத்தில் இருக்கும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. உங்கள் ஏஜென்ட் பெயரை அதில் தேடிப் பாருங்கள்.

இனி தீவு. மால்டா, கோசோ, கொமினோ மூன்று தீவும் சேர்ந்து 316 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியைவிடச் சிறியது. ஆனாலும் முதியவரும் குழந்தையும் உள்ள குடும்பத்துக்கு ஏழு இரவும் நிறையும். தலைநகர் வலேட்டாவின் தெருக்கள் ஏற்றமும் படிக்கட்டும் நிறைந்தவை. அம்மாவைத் துறைமுகத்திலிருந்து படியேற வைக்காதீர்கள். அங்கிருந்து மேல் பராக்கா தோட்டத்துக்கு 58 மீட்டர் உயர லிஃப்ட் இருக்கிறது. பகல் பன்னிரண்டுக்கு அங்கே பீரங்கி வெடிப்பார்கள், பையனுக்குப் பிடிக்கும். தங்க ஸ்லீமா பக்கம் சமையலறையுள்ள வீடாக எடுங்கள். படகில் வலேட்டா போய்வரலாம். செயின்ட் ஜூலியன்ஸில் பாச்சேவில் பகுதி வேண்டாம், விடியும்வரை இரைச்சல்.

ஏஜென்ட் காட்டிய படத்தில் கடலுக்குள் ஒரு பெரிய கல் வளைவு இருந்ததா? கோசோவின் அந்த 'அஸூர் ஜன்னல்' 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்துவிட்டது. இல்லாத ஒன்றைக் காட்டி இன்னமும் விற்கிறார்கள். ஹால் சஃப்லியேனி நிலத்தடிக் கல்லறைக்கு ஒரு நேரத்துக்குப் பத்துப் பேரைத்தான் விடுவார்கள், மாதக்கணக்கில் முன்பே விற்றுவிடும். ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுமதியும் இல்லை. அதைத் திட்டத்தில் சேர்த்துப் பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். கொமினோ நீலக் காயலுக்கு இலவச முன்பதிவு முறை இருக்கிறது, அதற்கும் காசு வாங்க ஆள் இருப்பார்கள். கடற்கரையில் சுரண்டல் சீட்டு நீட்டி 'பரிசு விழுந்திருக்கிறது' என்று கூப்பிடுகிறவர்கள் விடுமுறை வீட்டுப் பங்கு விற்கிறவர்கள், நிற்காமல் நடந்துவிடுங்கள். கார்டு இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள், ரூபாய் என்றால் விகிதத்தில் உங்களிடம் பறித்துவிடும்.

அம்மாவின் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், இந்தியர்கள் நிறைய வேலை செய்கிற ஊர். நம் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. பருப்புப் பொடி, ஊறுகாய், சேமியா கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, பாலில் செய்த இனிப்பு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் பால் பொருளையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியம் உள்ளே விடாது. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான், நிழலில் காயவைத்துப் பொடியாக்கிக்கொள்ளுங்கள். அங்கே தெருவில் விற்கும் பஸ்திட்ஸி என்ற மடிப்பு ரொட்டியில் பட்டாணி வைத்தது கிடைக்கும். மாவில் விலங்குக் கொழுப்பு சேர்க்கிற கடைகளும் உண்டு, கேட்டே வாங்குங்கள். ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று, கேட்பதில் சிரமமில்லை.

கோசோ போகும் நாளில் மால்டா பக்கம் சிர்கேவா படகுத்துறையில் டிக்கெட் என்று யாரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். போகும்போது அந்தப் பெரிய படகில் ஏறி உட்காரலாம். கட்டணம் திரும்பி வரும்போது கோசோ பக்கம் இம்ஜாரில் ஒரே முறைதான்.