எடை குறைந்தது, ஆசையும் குறைந்துவிட்டதே!

கேள்வி: வயது 31, உயரம் 172 செ.மீ. எடையைக் குறைக்க ஏழு மாதமாக ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன். தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி. 78 கிலோவிலிருந்து 59 கிலோவுக்கு வந்துவிட்டேன். ஆனால் தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை. காலையில் வரும் விறைப்பும் நின்றுவிட்டது. ரத்தப் பரிசோதனையில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு. குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்கிறோம். ஜிம் நண்பர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், விரைகளை இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களை மூளை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும், சிலருக்குப் பூஜ்ஜியத்துக்கே போகும். குழந்தைக்கு முயல்பவர் தொடவே கூடாத ஊசி அது.

சரி, ஏன் குறைந்தது? உங்கள் விரைகள் கெட்டுப்போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கொழுப்புத் திசுவிலிருந்து லெப்டின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. உடலில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அதுதான். சாப்பாடு குறைந்து கொழுப்பும் கரையும்போது லெப்டின் சரிகிறது. 'இது பஞ்ச காலம், பிள்ளை பெறும் வேலை இப்போது வேண்டாம்' என்று மூளை முடிவெடுத்து எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களைக் குறைத்துவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோனும் கூடவே இறங்குகிறது. உயரத்துக்கு உங்கள் எடை சரிதானே என்று கேட்பீர்கள். அட்டவணைப்படி சரி. ஆனால் மூளை அட்டவணை பார்ப்பதில்லை, வரவு செலவைப் பார்க்கிறது.

1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு 24 வாரம் ஏறக்குறைய பாதி உணவுதான் தந்தார்கள். உடல் எடையில் கால் பங்கு போனது, உங்களைப் போலவே. காம உணர்வும் அடங்கிப்போனது. வயிறு நிறையச் சாப்பிடத் தொடங்கிய பிறகும் அது திரும்பப் பல மாதங்கள் ஆனது. அதனால் பொறுமை தேவைப்படும்.

துத்தநாகம் (ஜிங்க்) மாத்திரை பற்றியும் அடுத்து யாராவது சொல்வார்கள். கடுமையான ஜிங்க் பற்றாக்குறையில் பருவ வளர்ச்சியே தடைப்படும், அது உண்மை. அதற்காக எல்லோருக்கும் மாத்திரை பலன் தராது. 2020இல் வெளியான பெரிய ஆய்வில், 2,370 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு ஜிங்க்கும் ஃபோலிக் அமிலமும் ஆறு மாதம் கொடுத்தும் விந்தணுத் தரமோ குழந்தைப் பேறோ கூடவில்லை. குறைவது மொத்தச் சாப்பாடு எனும்போது ஒரு மாத்திரை என்ன செய்யும்?

மூன்று வேளை சாப்பிடுங்கள். புரதம் இருக்கட்டும், கொழுப்பை அறவே ஒதுக்காதீர்கள். உடற்பயிற்சியைப் பாதியாக்குங்கள், வாரம் ஒரு நாள் முழு ஓய்வு. மூன்று, நான்கு கிலோ கூடினால் பதறவேண்டாம். அதே நேரம் பழைய 78க்கும் போகாதீர்கள். உடலில் சேரும் அதிகக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றும், அதுவும் தொல்லைதான்.

டெஸ்டோஸ்டிரோனை மாலையில் பார்த்திருந்தால் அந்த அளவை நம்பமுடியாது. காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாளில் எடுங்கள். கூடவே எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், தைராய்டு. எல்.எச். அதிகமாக இருந்தால், மூளை விரட்டியும் விரை வேலை செய்யவில்லை என்று பொருள். அப்படியானால் என் கணிப்பு தவறு, கோளாறு விரையில்தான். அப்போது உடனே ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். தீராத தலைவலியோ பார்வைக் குறைபாடோ இருந்தாலும் அப்படியே.

விந்துப் பரிசோதனையை இப்போது ஒருமுறை செய்துகொள்ளுங்கள். ஒரு விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். அதனால் நன்றாகச் சாப்பிடத் தொடங்கி மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்தது. அதற்கு முன் எடுத்தால், பட்டினி கிடந்த நாட்களின் கணக்குதான் வரும்.