லெலோங் ஆப்பிளும் பாட்டியின் கத்தியும்

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் பஃபலோ ரோட்டுக் கடைகளில் சாயங்காலம் லெலோங் போட்டு மலிவாக விற்கும் பழப் பைகளை என் மாமியார் விடாமல் வாங்கி வருவார். அழுகிய இடத்தைக் கத்தியால் தோண்டிவிட்டு, மீதியை ஜூஸ் அடித்து மூன்று வயதுப் பேரனுக்குக் கொடுக்கிறார். கேட்டால், "உன் புருஷன் இதைக் குடிச்சுத்தான் வளர்ந்தான்" என்கிறார். இது சரியா?
– வாசகி, ஈசூன்

பதில்: பாதி சரி அம்மா. லெலோங் பையில் குறை சொல்ல மாட்டேன், நானும் வாங்குகிறவள்தான். இங்கே பழமெல்லாம் கப்பலிலும் லாரியிலும் குலுங்கி வருவதுதானே, அடிபடாமல் இருக்குமா? அடிபட்ட இடம் பழுப்பாகிக் கன்றிப்போயிருந்தால் அதை வெட்டிவிட்டுத் தாராளமாகச் சாப்பிடலாம்.

பூசணம் வேறு கதை. ஆப்பிளில் ஓரிடம் கொழகொழவென்று அமுங்கி, மேலே நீலப்பச்சைப் பொடி பூத்திருக்கிறதா? அந்தப் பூசணம் 'பேட்டுலின்' என்ற நச்சைச் சுரக்கும். அது அழுகலோடு நிற்காமல் பக்கத்துச் சதையிலும் இறங்கியிருக்கலாம். கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. ஆகவே அல்வா, ஜாம் என்று வழி தேட வேண்டாம். ஆப்பிள் ஜூஸில் இது கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சர்வதேச வரம்பு. கைக்குழந்தைகள், சிறு பிள்ளைகளுக்கான உணவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருப்பது வெறும் 10.

இதுவரை குடித்ததை நினைத்துப் பதற வேண்டாம், ஒரு டம்ளரில் ஆளைச் சாய்க்கும் விஷமல்ல. ஆனால் ஜூஸ் அடித்தால் நிறமும் வாடையும் மறைந்துவிடும், அதுதான் வம்பு. ஜூஸுக்கு முன் ஆப்பிளை நான்காக வெட்டி விதையறையைப் பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்திருக்கும். பிள்ளைக்கு என்றால் அந்தப் பழம் முழுதும் குப்பைக்குத்தான்.

ஸ்ட்ராபெரி, திராட்சை, பப்பாளி போன்ற மெத்தென்ற பழங்களில் பூசணம் கண்டால் வெட்டிப் பயனில்லை, தூக்கிப் போடுங்கள். கேரட், முட்டைக்கோஸ் கெட்டி. சுற்றிலும் ஆழத்திலும் ஓர் அங்குலம் விட்டு வெட்டினால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று: எனக்கு அழுகிய ஆப்பிளைவிட, மேசையில் திறந்து கிடக்கும் வெட்டிய ராக்மெலன் (முலாம்பழம்)தான் பயம். 2018-இல் ஆஸ்திரேலிய ராக்மெலனில் லிஸ்டீரியா கிருமி இருந்து அங்கே 7 பேர் இறந்தார்கள். அந்தப் பழம் சிங்கப்பூருக்கும் வந்து, விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சொரசொரத் தோலில் இருக்கும் கிருமியைக் கத்தி சதைக்குள் இழுத்துப் போகும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. வெட்டும் முன் தோலைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். வெட்டியதை நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் பிரிட்ஜில் 4 டிகிரிக்குள் வையுங்கள்.

மாமியாரிடம் பேட்டுலின் பற்றியெல்லாம் வகுப்பெடுக்க வேண்டாம். பைக்கு இரண்டு ஆப்பிள் எறிந்தாலும் லெலோங் விலை லாபம்தான் என்று கணக்குச் சொல்லிப் பாருங்கள்.