‘ரிவர்ட்’ கேட்டவருக்குக் கிடைத்தது

மொரிஷியஸின் எபேன் சைபர்சிட்டியில் நான் எழுதும் மெயில்களில் பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் தீவின் பேச்சுமொழியான கிரியோல். தமிழ் என்றால் இங்கே கோயில், பள்ளிப் பாடம், ரூபாய் நோட்டு என்றுதான் இருந்தது. சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவர்களால் இப்போது காபி மெஷின் பக்கத்திலும் கேட்கிறது. இத்தனை மொழி புழங்கும் இடத்தில் எழுத்தில் உரசல் வராமல் இருக்குமா? இந்த முறை வந்த கேள்விகளில் சில.

சென்னையிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகிறது. என் கோட் ரிவ்யூவில் (எழுதிய நிரலைச் சக ஊழியர்கள் சரிபார்க்கும் இடம்) ‘கைண்ட்லி ரிவர்ட்’ என்று மரியாதையாகத்தான் எழுதினேன். பக்கத்து டீம்காரர் என் மாற்றத்தையே திரும்ப எடுத்துவிட்டார். தப்பு யார் மேல்?

அவர் மேல் இல்லை. இந்திய அலுவலக ஆங்கிலத்தில் ரிவர்ட் என்றால் பதில் போடு என்று அர்த்தம். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் ‘கிட்’ மென்பொருளைப் பயன்படுத்துகிறவருக்கு அது ஒரு கட்டளை: செய்ததை ரத்து செய். நீங்கள் கேட்டதைத்தான் அவர் செய்திருக்கிறார், அதுவும் உடனடியாக! நல்லவேளை, கிட் ரிவர்ட் எதையும் அழிப்பதில்லை. பழைய கமிட்டுக்கு, அதாவது பதிவான மாற்றத்துக்கு, நேர்மாறான ஒரு புதிய கமிட்டைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்யுங்கள், உங்கள் கோட் திரும்பி வந்துவிடும்.

‘டூ தி நீட்ஃபுல்’ (தேவையானதைச் செய்யுங்கள்) என்பதையும் சென்னையிலேயே விட்டுவிடுங்கள். எது நீட்ஃபுல் என்று வாசிப்பவர்தான் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது. ‘லாகின் பக்கத்தை வியாழன் மாலைக்குள் சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியுமா?’ என்று எழுதிப் பாருங்கள். கைண்ட்லி கிடையாது, ஆனாலும் மரியாதையில் ஒரு குறையும் இல்லை. எதிராளியை ஊகிக்க வைக்கவில்லை, முடியாது என்று சொல்லவும் இடம் விட்டிருக்கிறீர்கள்.

நான் சீனியர். ரிவ்யூவில் குறை சொன்னால் ஜூனியர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். பாராட்டிக்கொண்டே இருக்க முடியுமா?

வேண்டாம், பொய்ப் பாராட்டு இரண்டே நாளில் தெரிந்துவிடும். நீங்கள் அனுப்பிய மாதிரியைப் பார்த்தேன். ‘ஏன் இப்படி எழுதினாய்? யோசிக்கவே இல்லையா?’ இதில் கோட் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, எல்லாம் ஆளைப் பற்றி. அதே இடத்தில் ‘பட்டியல் காலியாக வந்தால் 42ஆம் வரி என்ன செய்யும்?’ என்று கேளுங்கள். குறை அதேதான். ஆனால் அந்தப் பையன் உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டிருக்காமல் 42ஆம் வரிக்குப் போவான்.

இன்னொன்று. இடைவெளி, பெயர் வைப்பது மாதிரிச் சில்லறை விஷயங்களுக்கு முன்னால் ‘நிட்’ என்று போடும் வழக்கம் உண்டு. கூகுள் வெளியிட்டிருக்கும் ரிவ்யூ வழிகாட்டியிலும் அது இருக்கிறது. திருத்தினால் நல்லது, திருத்தாவிட்டால் குடி முழுகிவிடாது என்று அர்த்தம். நிட் என்றால் பேன் முட்டை, அதாவது நம் ஈர். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கும் வேலை எத்தனை ரிவ்யூவில் நடக்கிறது என்று நினைத்தால் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. இருபது கமென்ட்டில் பதினாறு ஈர் என்றால், அந்தப் பதினாறையும் லின்டரிடம் (இதையெல்லாம் தானாகக் கண்டுபிடிக்கும் கருவி) ஒப்படைத்துவிட்டு மீதி நான்கை மட்டும் எழுதுங்கள்.

பாரிஸ் கிளையன்டுக்கு பிரெஞ்சில் ‘தூ’ (நீ) போடுவதா, ‘வூ’ (நீங்கள்) போடுவதா?

‘வூ’வில் ஆரம்பியுங்கள். அவராக ‘தூ’வுக்கு வந்தால் அப்புறம் நீங்களும் வரலாம். நீ, நீங்கள் தெரிந்தவருக்கும், கிரியோலில் ‘தோ’, ‘ஊ’ பார்த்துப் பேசி வளர்ந்தவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தடுமாற்றம் வருவது ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குத் தாவும்போதுதான். ஆங்கிலத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய தைரியம் கூடவே வந்துவிடுகிறது. ‘போன்ஷூர்’ (வணக்கம்) மட்டும் மறக்காதீர்கள். அது இல்லாமல் நேரே வேலையைச் சொன்னால், கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது போலத்தான் அவர்களுக்கு.

சாட்டில் ‘ஹாய்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவரை என்ன செய்வது?

பதில் சொல்லாதீர்கள், கேள்வி தானாக வரும். அந்த ‘ஹாய்’ அனுப்புகிறவர் நீங்கள்தான் என்றால், வணக்கத்தையும் கேள்வியையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள்.

‘நாளை காலை 10 மணி’ என்று எழுதினேன். சென்னை டீம் ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்து கோபப்பட்டது.

யாருடைய 10 என்று நீங்கள் சொல்லவில்லையே. நம் 10 மணிக்கு சென்னையில் 11.30. பாரிஸில் குளிர்காலத்தில் காலை 7, கோடையில் 8. அவர்கள் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். நாம் 2008-09 கோடையில் மாற்றிப் பார்த்துவிட்டுக் கைவிட்டோம். ஆகவே, ‘மொரிஷியஸ் 10, சென்னை 11.30’ என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். கணக்குப் போடும் வேலை அழைக்கிறவருடையது. பக்கத்துத் தீவான ரியூனியன் ஆட்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை, நமக்கும் அவர்களுக்கும் ஒரே நேரம்.

காவடிக்கு லீவு. பிரெஞ்சு கிளையன்டுக்கு எப்படிச் சொல்வது?

தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. எனவே மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். விரதம், அலகு எல்லாம் விளக்கவும் வேண்டாம், அவராகக் கேட்டால் சொல்லுங்கள். எந்த நாள் இருக்க மாட்டீர்கள், அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, எப்போது திரும்புவீர்கள் என்ற மூன்றையும் ஒரு வாரம் முன்பே எழுதிவிடுங்கள். புயல் அப்படி நாள் பார்த்து வருவதில்லை. ‘கிளாஸ் 3’ என்று எழுதினால் பாரிஸில் இருப்பவருக்கு என்ன புரியும்? ‘புயல் எச்சரிக்கை, எல்லோரும் வீட்டில் இருக்கிறோம், மின்சாரம் போகலாம்’ என்று எழுதுங்கள்.

வேடிக்கையாக ஒரு வரி போட்டேன். சக ஊழியர் மூன்று நாளாகப் பேசவில்லை.

2005இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். கிண்டலா, நிஜமா என்பது மெயிலில் வாசிப்பவருக்குப் புரிந்துவிடும் என்று எழுதியவர்கள் உறுதியாக நம்பினார்கள். வாசித்தவர்கள் சரியாகக் கண்டுபிடித்தது, பூவா தலையா போட்டால் வருவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எழுதும்போது உங்கள் காதில் உங்கள் குரல் ஒலிக்கிறது, அவர் காதில் ஒலிப்பதில்லை.

விளக்கம் எழுதி இன்னொரு மெயில் அனுப்பாதீர்கள், அதுவும் கிண்டலாகவே படும். அவர் மேஜை எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது? எழுந்து போங்கள். ‘அன்றைக்கு நான் எழுதியது தப்பாகப் பட்டிருக்கும், மன்னித்துவிடுங்கள்’ என்றால் போதும். அந்த வரியை டீம் முழுக்கப் பார்த்திருந்தால், திரும்பி வந்து அதே த்ரெட்டில், எல்லோரும் பார்க்க, அதே வாக்கியத்தை எழுதிவிடுங்கள். ஸ்மைலி வேண்டாம்.