கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடும் அப்பாவுக்கு, மனச்சோர்வுக்காக எஸ்சிட்டலோபிராம் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

பொதுவாகக் கொடுக்கலாம். பயந்துபோய் எதையும் நிறுத்திவிடாதீர்கள். இதை முதலில் சொல்லக் காரணம் என் அப்பா.

ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதமாகியும் அவர் யாரோடும் பேசாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மனநல மருத்துவர் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை ஆரம்பித்தார். "இத்தனை மாத்திரையா, ஒன்றையாவது குறைப்போம்" என்று அப்பா தானாகவே கொலஸ்ட்ரால் மாத்திரையை விட்டுவிட்டார். நான் மருந்தாளுநர். எனக்கே மூன்று வாரம் கழித்து, பிரிக்காத அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த மாத்திரை எவ்வளவு முக்கியம் என்று தெரிந்த எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை வகையில் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் இரண்டையும் உடலில் சிதைப்பது பெரும்பாலும் சிஒய்பி 3ஏ4 என்ற நொதி. வேறொரு மருந்து அந்த நொதியைத் தடுத்தால் ஸ்டாட்டின் ரத்தத்தில் தேங்கும், தசைகள் பாதிக்கப்படும். மனச்சோர்வு மருந்துகளில் அப்படிப் பலமாகத் தடுத்தது நெஃபசோடோன். அது இப்போது புழக்கத்தில் இல்லை என்றே சொல்லலாம். ஃப்ளுவோக்சமின் ஓரளவு தடுக்கும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் இரண்டும் வழக்கமான அளவில் இந்த நொதியைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. ரோசுவாஸ்டாட்டினுக்கு இந்த நொதியே அவ்வளவாகத் தேவையில்லை.

என் அனுபவத்தில் சிக்கல் மூன்றாவதாக வந்து சேரும் மருந்தால்தான் வருகிறது. அப்பாவுக்கு இருமல் வந்தபோது பக்கத்து கிளினிக்கில் கிளாரித்ரோமைசின் கொடுத்தார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. கிளாரித்ரோமைசின் அந்த நொதியைப் பலமாகத் தடுக்கும். அதோடு சேர்த்தால் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி.யைத் தாண்டக்கூடாது. இதய மருத்துவரிடம் போனில் கேட்டு வேறு ஆன்டிபயாட்டிக் மாற்றினோம். இட்ராகோனசோல் போன்ற பூஞ்சைக்கான மாத்திரைகளும் இதே வகைதான்.

அப்புறம் ஆஸ்பிரின். இதய நோயாளிகளில் நிறையப் பேர் அதையும் சாப்பிடுவார்கள். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் வகை மருந்துகள் ஆஸ்பிரினோடு சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். மலம் தார் போலக் கறுத்தால் காத்திருக்க வேண்டாம். உங்கள் அப்பா ஆஸ்பிரினோ, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் கிளோபிடோக்ரெலோ சாப்பிட்டால் மனநல மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூலிகைதானே என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் வாங்கிக் கொடுக்காதீர்கள். அது அட்டோர்வாஸ்டாட்டினின் பலனைக் குறைக்கும், எஸ்சிட்டலோபிராமோடும் சேரக்கூடாது.

காரணமில்லாமல் இரண்டு தொடையிலும் தோளிலும் வலி, மாடிப்படி ஏற முடியாத தளர்ச்சி, பால் விடாத டீ நிறத்தில் சிறுநீர் இவற்றைக் கவனியுங்கள். வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், தசை பாதிப்பைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனை எழுதுவார்.

அப்பாவுக்கு 65 வயது தாண்டியிருந்தால் எஸ்சிட்டலோபிராம் பொதுவாக நாளுக்கு 10 மி.கி.க்கு மேல் போகாது. இதயத் துடிப்பில் ஏற்கெனவே கோளாறு இருந்தால் ஈசிஜி எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். பலன் தெரிய சில வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டல் இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துப் பாருங்கள். என் அப்பாவுக்கும் அப்படித்தான் அடங்கியது.