இளையவருக்குப் பதவி உயர்வு: வழக்கு எங்கே நிற்கும், எங்கே விழும்?

கேள்வி: மாநில அரசுத் துறையில் உதவியாளராக இருக்கிறேன். பணிமூப்பில் எனக்குக் கீழே உள்ள இருவருக்குக் கண்காணிப்பாளர் பதவி உயர்வு கொடுத்து 9 மாதமாகிறது. அவர்களில் ஒருவர் துறைத் தேர்வே முடிக்கவில்லை. மேலதிகாரிக்கு என்மேல் வெறுப்பு. 5 மனு கொடுத்தும் பதில் இல்லை. சம வாய்ப்பு என் அடிப்படை உரிமை இல்லையா?

பதில்: உரிமைதான். ஆனால் அரசியலமைப்பின் 16(1) பிரிவு தருவது பதவி உயர்வை அல்ல; அதற்குப் பரிசீலிக்கப்படும் உரிமையை. அஜித் சிங் வழக்கில் (1999) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மேலதிகாரியின் வெறுப்பை நீதிமன்ற மனுவில் எழுதாதீர்கள். உள்நோக்கம் சுமத்தினால் அவரைப் பெயர் சொல்லி எதிர்மனுதாரராகச் சேர்த்து நிரூபிக்க வேண்டும். அது முடியாமல் நல்ல வழக்குகள் கெட்டிருக்கின்றன.

தெரிய வேண்டியது ஒன்றே: பதவி உயர்வுக்கு உரியவர்களின் பட்டியல் தயாரானபோது உங்கள் பெயரை எடுத்து ஒதுக்கினார்களா, எடுக்கவே இல்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் பட்டியல் நடவடிக்கையில் உங்களைப் பற்றிய பக்கத்தையும் பணிமூப்புப் பட்டியலையும் கேளுங்கள். பெயரே எடுக்கப்படவில்லை என்றால் வழக்கு வலுவானது. 17(பி) குற்றச்சாட்டு (ஒழுங்கு விதிகளின்படி பெரிய தண்டனைக்கான துறை நடவடிக்கை) நிலுவையில் இருந்ததால் ஒதுக்கியிருந்தால், பட்டியலோடு மோத வேண்டாம். விசாரணையைக் காலக்கெடுவுக்குள் முடிக்க உத்தரவு கேளுங்கள்.

என் பெரிய கவலை அந்த 5 மனுக்கள்தான். மனு கொடுத்துக்கொண்டே இருந்தால் காலம் நிற்காது. இளையவரின் பதவி உயர்வை எதிர்ப்பவர் 6 மாதத்தில், மிஞ்சினால் ஓராண்டுக்குள் நீதிமன்றம் வர வேண்டும் என்று சதாசிவசாமி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் (1975) உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நம் முகத்தில் வீசப்படுகிறது. உங்களுக்கு மிச்சம் 3 மாதம்.

இதைவிட மோசமான பொறி, ‘என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்’ என்று மட்டும் கேட்கும் ரிட் (உயர் நீதிமன்றத்தில் போடும் மனு). முதல் நாளிலேயே உத்தரவு கிடைக்கலாம், ஜெயித்ததாகத் தோன்றும். துறை இரண்டு வரியில் நிராகரிக்கும். அதற்குள் இளையவர்கள் அடுத்த பதவிக்கே போயிருப்பார்கள். அந்த நிராகரிப்பு பழைய கோரிக்கைக்குப் புது உயிர் தராது என்று சி.ஜேக்கப் வழக்கில் (2008) தீர்ப்பாகிவிட்டது. பதவி உயர்வு ஆணையையே எதிர்த்துப் போடுங்கள். அந்த இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். கூட வேலை பார்ப்பவர்கள் என்று தயங்கி அவர்களை விட்டுவிட்டால், பாதிக்கப்படுவோரைக் கேட்காமல் ஆணையை ரத்து செய்ய முடியாது என்று மனு விழும்.

துறைத் தேர்வு விஷயம் நீங்கள் அதை முடித்திருந்தால் மட்டுமே ஆயுதம். ‘அவருக்குத் தகுதியில்லாமல் கொடுத்தீர்கள், எனக்கும் கொடுங்கள்’ என்ற வாதம் எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. தவறான சலுகையில் சமத்துவம் கோர முடியாது.

அடுத்த பட்டியலில் சேர்த்து, இளையவர்களின் தேதியிலிருந்தே நோஷனல் பதவி உயர்வு (நிலுவைச் சம்பளம் இல்லாமல் கணக்குக்காக மட்டும் முன்தேதியிட்டுத் தருவது) தருவதாகத் துறை இறங்கி வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். வேலை பார்க்காத காலத்து நிலுவைச் சம்பளத்துக்காக வருடக்கணக்கில் வழக்கு நடத்துவது பெரும்பாலும் நஷ்டம். ஆனால் இளையவர்களுக்கு மேலே உங்கள் பணிமூப்பு எண்ணும், நோஷனல் சம்பளம் ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வரும் என்ற வாசகமும் ஆணையில் இருக்க வேண்டும். ஆணை கைக்கு வரும்வரை வாய்ப்பேச்சை நம்பி ரிட்டைத் தள்ளிப் போடாதீர்கள். 12-வது மாதம் முடியும் முன் தாக்கல் செய்துவிட்டுப் பேசுங்கள். சமரசமானால் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.